வழிவிடு என்னும் சொல்

ஒரு பொருளுக்கு ஒரு மொழியார் இட்டு வழங்கும் பெயரை ஊன்றி நோக்கினால், அப்பொருளை அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து கண்டார்கள் என்பது விளங்கும். சாலையில் மக்களும் வண்டிகளும் இயங்குவதை நாம் போக்குவரத்து என்கிறோம். போனவர் திரும்பி வரவும் வேண்டும் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது. அரபு மொழியார் அதனை 'முரூர்' என்பர். கடந்து செல்லுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் 'டிராஃபிக்' என்பர். அச்சொல் அவர்கள் மொழியில் புகுந்த காலத்தில் வாணிகம் என்றே பொருள் தந்தது. சரக்குக்காக வண்டி நடந்தது. வண்டி பெருகியதால் பாதை நெரிந்தது. நாளடைவில் வாணிகத்தின் பெயர் அந்த நெரிசலுக்கே ஆகிவிட்டது. கப்பலும் சரக்குமாக வாழ்ந்த நம் கரையூர் மக்களுக்கு இந்தச் சொல்லின் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

அரபும் தமிழும் கற்பித்து வரும் நாம் ஆங்கிலச் சாலைச் சொற்களை ஆராயப் புகுந்தது ஏன் என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். காரணம் எளியது. நம் பகுதியின் இளைஞர்களில் பலர் வளைகுடா நாடுகளுக்கு ஓட்டுநர்களாகச் செல்கின்றனர். லாரியும் டேங்கரும் ஓட்டுவதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். எனினும் பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதென்றால் தயங்குகிறார்கள். துபாயில் சாலை விதிகளைப் பற்றிய அறிவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று இடமளித்திருக்கிறார்கள். அது நல்ல உதவிதான். ஆனால், தேர்வு அறையைவிட்டு வெளியே வந்தால் சாலைப் பலகைகள் தமிழில் பேசுவதில்லை. மேலே அரபு, கீழே ஆங்கிலம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு அவற்றைப் படிக்கக் கிடைப்பது சில நொடிகளே.

ஆகவே, இஷாத் தொழுகைக்குப் பின் மதரஸாத் திண்ணையில் சிலர் வந்து அமரலாயினர். ஒருவர் கையில் ஒரு சிறு புத்தகம் இருந்தது. "ஹஜ்ரத், இதிலே அரபும் இருக்கிறது, இங்கிலீஷும் இருக்கிறது. அரபை வைத்து இங்கிலீஷைப் பிடிக்க ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார். அக்கேள்வியே நமக்கு வழியைக் காட்டிற்று. ஓதத் தெரிந்த பிள்ளைக்கு இச்சொற்களில் பாதி முன்பே தெரிந்தவை. தெரியும் என்பதுதான் தெரியாது.

குறியீட்டுக்குக் கட்டுப்படுதல் நம் பிள்ளைகளுக்குப் புதியதன்று. ஏழு வயதில் திருமறையைத் திறக்கும் குழந்தை, வரிகளின் மேலே சிறிய எழுத்துகளைக் காண்கிறது. மீம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். ஜீம் இருந்தால் நிறுத்தலாம், தொடரலாம். லாம் அலிஃப் இருந்தால் அங்கே நிறுத்துதல் ஆகாது. நம் நாட்டில் அச்சாகும் முஸ்ஹஃபுகளில் சில இடங்களில் 'கிஃப்' என்று இரண்டே எழுத்துகள் காணப்படும். 'நில்' என்பது அதன் பொருள். வளைகுடாச் சாலைகளில் எட்டு மூலைச் சிவப்புப் பலகையில் எழுதப்பட்டிருப்பதும் அதே இரண்டு எழுத்துகள்தாம். அதன் அடியில் உள்ள 'ஸ்டாப்' என்னும் ஆங்கிலச் சொல்லை அப்புறம் யாரும் மறக்கவில்லை. ஓதும்போது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிடில் பொருள் கெடும். சாலையில் நிற்காவிடில் உயிர் கெடும்.

பலகையின் வடிவமும் ஒரு மொழியே. 1968ஆம் ஆண்டில் வியன்னா நகரில் உருவான சாலைக் குறியீட்டு உடன்படிக்கைக்குப் பின் உலகின் பெரும்பகுதியில் ஒரு பொது இலக்கணம் பரவியிருக்கிறது. வட்டம் கட்டளையிடும். முக்கோணம் எச்சரிக்கும். நாற்கோணம் செய்தி சொல்லும். எட்டு மூலைப் பலகையும், தலைகீழாக நிற்கும் முக்கோணமும் மற்ற எவற்றோடும் ஒவ்வாமல் தனித்து நிற்கின்றன. முன்னது 'நில்' என்கிறது; பின்னது 'வழிவிடு' என்கிறது. புழுதி படிந்து எழுத்து மறைந்தாலும், எதிர்ப்புறத்திலிருந்து பலகையின் முதுகை மட்டுமே கண்டாலும், இவ்விரண்டையும் வடிவத்தாலேயே அறிந்துகொள்ளலாம். அந்த அளவுக்கு இவை இன்றியமையாதவை.

இனி, சொற்களுக்கு வருவோம். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வெளியேறும் இடத்தை ஆங்கிலத்தில் 'எக்ஸிட்' என்பர். அரபுப் பலகையில் அதற்குரிய சொல் 'மக்ரஜ்'. ரியாத் நகரில் இன்ன எண் எக்ஸிட் என்றே மக்கள் இடங்களுக்கு அடையாளம் சொல்லிக்கொள்கிறார்கள். தஜ்வீத் படித்த பிள்ளைக்கு மக்ரஜ் புதிய சொல்லா? எழுத்து தொண்டையிலிருந்தோ நாவிலிருந்தோ உதட்டிலிருந்தோ வெளிப்படும் இடத்துக்கு அதே பெயரைத்தானே வைத்திருக்கிறோம்! மக்ரஜ் தவறினால் எழுத்து வேறாகிவிடும். சாலையில் மக்ரஜ் தவறினால் ஊர் வேறாகிவிடும்.

'மெர்ஜ்' என்பது மற்றொரு சொல். பக்கச் சாலையில் வரும் வண்டி ஓடுகின்ற வரிசையில் முட்டாமல், தயங்கி நின்றும்விடாமல் கலந்துகொள்வதை அது குறிக்கும். நாம் இத்காமை நினைவூட்டினோம். ஸுகூன் பெற்ற நூனுக்குப் பின் லாம் வந்தால், நூன் தன் ஓசையை விட்டுக்கொடுத்து லாமோடு கலந்துவிடுகிறது. ஓதுபவன் இடையில் நிற்பதில்லை, இடிப்பதுமில்லை. கேட்டிருந்தவர்களில் பத்தாண்டு லாரி ஓட்டிய ஒருவர், "இப்போதுதான் ஹஜ்ரத் இத்காமும் புரிகிறது" என்று சொல்லிச் சிரித்தார்.

'ஸ்லிப்பரி ரோடு' என்னும் பலகைக்கு அரபில் 'தரீக் ஸலிக்' என்று இருக்கும். வெள்ளிதோறும் கஹ்ஃப் அத்தியாயம் ஓதுவோர், தோட்டம் வைத்திருந்த இருவரின் வரலாற்றில் ஸலக் என்னும் சொல்லைக் கடந்தே செல்கின்றனர். செழித்த தோட்டம் கால் ஊன்ற முடியாத வழுக்கு நிலமாகிவிடக் கூடும் என்பது அங்கே வரும் எச்சரிக்கை. நெடுநாள் மழையின்றிக் கிடந்த சாலையில் முதல் தூறல் விழும்போது, படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு குழைந்து சக்கரத்தை வாரிவிடும். 'ஸ்கிட்' என்பது அதுவே.

'வேகத்தைக் குறை' என்பதற்கு அரபுப் பலகைகளில் 'ஹத்திஃ அஸ்ஸுர்அ' என்று எழுதியிருப்பதைக் காணலாம். வேகத்தை அமைதிப்படுத்து என்பது சொற்பொருள். வேகம் என்பது சக்கரத்தில் பிறக்குமுன் மனத்தில் பிறக்கிறது என்பதை அறிந்தவர் யாரோ இதைத் தேர்ந்திருக்கிறார் போலும்.

'ஹார்ட் ஷோல்டர்' என்றதும் திண்ணையில் சிரிப்பு எழுந்தது. 'கடினமான தோள்' என்று ஒருவர் மொழிபெயர்த்துவிட்டார். பழுதான வண்டியை ஒதுக்கி நிறுத்துவதற்காகச் சாலையின் ஓரத்தில் விட்டிருக்கும் கெட்டியான தரையே அது. ஆயினும் சிரித்தவர் முற்றிலும் பிழை செய்துவிடவில்லை. அரபிலும் அதனைப் 'பாதையின் தோள்' என்றே வழங்குகிறார்கள். தளர்ந்தவன் சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டும் அன்றோ? அந்தத் தோளின்மேல் ஏறி முந்திச் செல்பவன் யாருடைய இடத்தைப் பறிக்கிறான் என்பதை இந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் தெரு என்பதற்கு 'ஸ்ட்ரீட்' என்பர். இலத்தீன் மொழியில் கல் பாவிய சாலையைக் குறித்த 'ஸ்ட்ராட்டா' என்னும் சொல்லிலிருந்து அது பிறந்தது. நாம் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் 'ஸிராத்' என்னும் சொல்லும் ரோமருடைய மொழியில் பாதையைக் குறிப்பது என்று முன்னோர் சிலர் கூறியதை, ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஸுயூத்தி அவர்கள் தம் இத்கான் நூலில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். மொழிநூலார் இரண்டையும் அதே இலத்தீன் வேருக்குக் கொண்டு செல்வர். திருமறையோ அச்சொல்லைக் கல் பாதையிலிருந்து உயர்த்தி, வாழ்வின் நேர்வழிக்கே பெயராக்கிற்று. இதைச் சொன்னபோது திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை. அந்நிய மொழி என்று ஒதுங்கி நின்றவர்களுக்கு அது தூரத்து உறவாகத் தோன்றியிருக்க வேண்டும்.

சில சொற்கள் ஏமாற்றவும் செய்யும். 'டெட் ஸ்லோ' என்பதில் இறந்தவர் எவருமில்லை. மிக மிக மெதுவாக என்பதே பொருள். 'டெட் எண்ட்' என்றால் மேற்கொண்டு வழியில்லாத முட்டுச்சந்து. 'ரைட் ஆஃப் வே' என்பதை ஓர் இளைஞர் 'வலப்பக்க வழி' என்று எழுதி வைத்திருந்தார். 'ரைட்' என்னும் சொல்லுக்கு வலம் என்ற பொருளும் உண்டு. உரிமை என்ற பொருளும் உண்டு. இங்கே உரிமையே பொருள். முதலில் கடந்து செல்லும் உரிமை. அரபில் அதனை 'அஃப்ளலிய்யத்துல் முரூர்' என்பர். இது அஃப்ளல், இது ஆகும் என்று ஃபிக்ஹு நூலில் படித்தவர்களுக்கு, முந்தும் தகுதி எவருக்கு என்னும் பொருள் உடனே பிடிபட்டது.

இச்சொற்களையெல்லாம் அவர்கள் தமிழ் எழுத்திலேயே தம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டார்கள். அதைக் கண்டு எள்ளி நகையாடுவோர் உண்டு. நாம் நகைக்கவில்லை. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத் தமிழ் என ஒரு பெருஞ்செல்வத்தையே படைத்தவர்கள். 1898இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் மார்க்க நூல்களை, தமிழெழுத்து அறியாத எத்தனையோ தாய்மார்கள் அந்த எழுத்தின் வாயிலாகவே படித்து மார்க்கம் அறிந்தார்கள். தெரிந்த எழுத்தைப் படகாகக் கொண்டு தெரியாத கரையை அடைவது நம் மரபே ஆகும்.

சொல் ஒன்றாயிருக்கப் பொருள் திசைமாறும் இடமும் உண்டு. 'ரவுண்டபவுட்' என்னும் சாலை வட்டம் நம் நாட்டிலும் உண்டு. அரபு நாட்டிலும் 'தவ்வார்' என்ற பெயரில் உண்டு. ஆனால் நாம் இடப்பக்கம் செல்பவர்கள். அங்கே வலப்பக்கம் செல்ல வேண்டும். நம் வட்டத்தில் நடுமேடை ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் இருக்கும். அங்கே இடக்கைப் பக்கம் இருக்கும். வட்டத்தினுள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி அங்கே இடப்புறத்திலிருந்து வரும். அதற்கு வழிவிட்ட பின்னரே நுழைய வேண்டும். இதை எப்படி நினைவில் நிறுத்துவது? கஅபாவை இடக்கைப் பக்கம் வைத்துத் தவாஃப் சுற்றும் திசையே அந்தத் திசை என்று சொன்னோம். புனிதமானதைச் சாலையோடு ஒப்பிடுவதற்காக அன்று. கைக்கு நினைவு வர வேண்டும் என்பதற்காகவே.

இந்தத் திசையின் விலை என்ன என்பதை நமக்கு உணர்த்தியவர் அண்டை ஊர் இளைஞர் ஒருவர். வளைகுடா நாடொன்றில் தண்ணீர் டேங்கர் ஓட்டி வந்தார். ஒரு விடியற்காலையில் சாலை வட்டத்தில் நுழையும்போது, ஊரில் பழகியபடியே வலப்புறம் நோக்கினார், வண்டி ஏதும் இல்லை, நுழைந்துவிட்டார். இடப்புறமிருந்து சிறிய கார் ஒன்று வந்தது. அதை ஓட்டி வந்தவர் வங்கதேசத்து வாலிபர். அவரும் தம் வீட்டாருக்காகக் கடல் கடந்து வந்தவரே. அவர் அங்கேயே உயிர் நீத்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். நம் இளைஞர் சில மாதங்கள் சிறையில் இருந்தார். இரத்த ஈட்டுத் தொகையான தியத் செலுத்தப்பட்ட பின்னர் ஊர் திரும்பினார்.

தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவன் தியத்தோடு கஃப்பாராவும் நிறைவேற்ற வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அடிமையை விடுதலை செய்ய இயலாத நிலையில் இரண்டு மாதம் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும். அவர் வந்து விவரம் கேட்டுக்கொண்டு, அந்த நோன்புகளைத் தொடங்கினார். அந்நாள்களில் மாலைதோறும் நம் பள்ளிக்கு வந்து இஃப்தார் செய்துவிட்டு, திண்ணையில் ஓர் ஓரமாக அமர்ந்திருப்பார். ஒருநாள் நாம் 'கிவ் வே' என்னும் சொல்லை விளக்கிக்கொண்டிருந்தோம். அவர் மெல்லிய குரலில் சொன்னார்: "அந்தச் சொல்லுக்குத் தேர்வில் சரியாகத்தான் விடை எழுதினேன் ஹஜ்ரத். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பொருள் சொல்லியிருப்பேன். சொல் வாயிலே இருந்தது. காலுக்கு வந்து சேரவில்லை."

அச்சொல்லைக் கேட்ட பின் நமக்கு உறக்கம் வரவில்லை. இல்மும் அமலும் என்று நாம் கிதாபுகளில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அறிவு உறுப்புகளில் இறங்காதவரை அது அறிவாகாது என்பதற்கு இதைவிட வேறு விரிவுரை வேண்டுமா?

நோன்புகள் நிறைவேறிய பிறகு அவரே மதரஸா முற்றத்தில் சாக்கட்டியால் பெரிய வட்டம் வரைந்தார். வளைகுடா செல்லவிருக்கும் இளைஞர்களை அதைச் சுற்றி நடக்க வைத்தார். ஒருவர் உள்ளே சுற்றுவார். மற்றவர் வெளியிலிருந்து வருவார். கோட்டருகே வந்ததும் முதலில் இடப்பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டும்; உள்ளே இருப்பவருக்கு வழிவிட வேண்டும்; பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும். மறந்தவரை மீண்டும் முதலிலிருந்து நடக்கச் செய்தார். ஐம்பது முறை, நூறு முறை நடந்தார்கள். சொல் வாயிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து காலுக்கும் இறங்குவதை நாம் கண்ணாரக் கண்டோம். திண்ணையில் சொற்பொருள் சொல்வது நம் பணி. முற்றத்தில் அதைக் காலுக்குச் சொல்வது அவர் பணி என்று ஆயிற்று.

அமெரிக்க நூல்களில் 'கிவ் வே' என்பதற்குப் பதிலாக 'யீல்ட்' என்னும் சொல் வரும். வேளாண்மை படித்த ஓர் இளைஞர் அதற்கு விளைச்சல் என்று பொருள் சொன்னார். அதுவும் சரியே, விட்டுக்கொடுத்தல் என்பதும் சரியே. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் மூலப்பொருள் செலுத்துதல் என்பதாகும். ஒருவருக்கு உரியதை அவருக்குச் செலுத்துதல். இதை அகராதியில் கண்ட பொழுதில் நம் மனத்தில் ஒரு கதவு திறந்தது. வழிவிடுவதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பெருந்தன்மை அன்று, கடன். அடுத்தவனுடைய ஹக்கு.

இது நமக்குப் புதிய பாடமா? தெருக்களில் உட்காருவதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கூறினார்கள். கூடிப் பேச எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாத்துக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அந்த ஹக்கு என்று விளக்கமும் அருளினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகவே பெருமானார் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். ஈராக்கில் ஒரு பிராணி இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையைச் செப்பனிடாதது ஏன் என்று தம்மிடம் கேட்கப்படுமோ என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாற்று நூல்கள் கூறும். சாலையின் குண்டு குழிக்கு ஆட்சியாளர் பொறுப்பு. சாலையில் நடந்துகொள்ளும் முறைக்கு நாம் பொறுப்பு.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு. 'ஆக்ஸிடெண்ட் ப்ரோன் ஏரியா', 'ஷார்ப் பெண்ட்', 'டைவர்ஷன்' என்னும் பலகைகள் நம் ஊர்ச் சாலைகளிலும் உண்டு. முதலாவது, விபத்து மிகுதியாக நேரும் இடம், இரண்டாவது, கொடும் வளைவு, மூன்றாவது, மாற்றுப்பாதை. எழுதப்படாத பலகைகளும் உண்டு. ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் தெருவில் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, நோயாளியை ஏற்றிவரும் வாகனம் நுழைய முடியாமல் செய்கிறோமே, அங்கே எந்தப் பலகை நிற்க வேண்டும்? திருமண ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டு நகர்கிறதே, அதன் பின்னால் காத்திருப்பவனின் ஹக்கை யார் செலுத்துவது? முன் ஸஃப்பில் இடம்பிடிக்க விரைந்து சென்றவர் தம் வண்டியால் ஒரு வாசலை அடைத்துவிட்டுச் சென்றால், தேடிய நன்மையிலிருந்து அந்தக் கடனைக் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே! உங்கள் மகன் வாகனம் ஓட்டப் புறப்படுமுன் இச்சொற்களை அவனோடு அமர்ந்து படியுங்கள். தமிழெழுத்தில் எழுதினாலும் தாழ்வில்லை. பொருளைக் கேட்டதோடு நிறுத்தாமல், அந்தச் சொல்லைக் கண்டால் உன் கண் எங்கே போகும், கை என்ன செய்யும், கால் என்ன செய்யும் என்று கேளுங்கள். மூடுபனிக் காலத்தில் அபூதாபியின் முதன்மையான சாலைகள் சிலவற்றில் வேக எல்லையை 80 கிலோமீட்டராகக் குறைத்து மின்பலகையில் காட்டுகிறார்கள். அந்த எண்ணைக் கண்டு கால் தளர்ந்தால்தான் 'ஃபாக்' என்னும் சொல்லை அவன் கற்றவனாவான்.

வாகனத்தில் அமர்ந்ததும் நாம் ஓதும் துஆ, இதை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருந்ததில்லை, இறைவனே வசப்படுத்தித் தந்தான் என்று ஒப்புக்கொள்கிறது. நாம் அவனிடமே மீள்பவர்கள் என்று முடிகிறது. போக்கும் வரத்தும் அதிலே அடங்கிவிட்டன. போகின்ற நம் பிள்ளைகள் நலமே வந்து சேரவும், அவர்கள் கடந்து செல்லும் பாதையில் பிறர் பிள்ளைகளும் நலமே வீடு சேரவும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.